கிணற்றுச் சிவப்பும் படிகார உருண்டைகளும்

திருவொற்றியூர்
12-12-1954

அன்பு மகள் செல்லக்கனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், பம்பாய்த் தண்ணீரும் காற்றும் உனக்கு ஒத்துக்கொண்டதா என்பதுதான் இங்கே காலையும் மாலையும் பேச்சு. கிணற்றைச் சிவப்பாக்கியது எந்தப் பட்டறைத் தண்ணீர் என்று நீ கேட்டிருந்தாய், போன கடிதத்தில் அதற்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். நான் வேலை பார்க்கும் லுங்கிச் சாயப்பட்டறைத் தண்ணீர்தான் மகளே. சாயம் கலக்கியதும் மிச்சத்தைக் குழியில் கொட்டச் சொன்னதும் நான்தான். ஐப்பசி மழையில் குழி நிரம்பி மண்ணுக்குள் இறங்கி நம் வளவில் எல்லா வீட்டுக்கும் பொதுவான கிணற்றுக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கெங்கம்மா பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை, துணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, கொயந்தத் துணியெல்லாம் செவந்துபோச்சு, இன்னா தண்ணி இது?" என்றாள். மழைக் கலங்கல் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான், தண்ணீரிலிருந்து சாயத்தைப் பிரிக்க உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ எழுதிய முறையைச் செய்யத் துணிந்தேன். படிகாரத்தைக் கரைத்துச் சலவைச் சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதும் வெள்ளைக் கூழாகத் திரண்டது. துணியில் வடித்து, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, காயவைத்து, மூடிய சட்டியில் போட்டுச் சட்டி சிவக்கும்வரை கரியடுப்பில் சுட்டேன். மாவு கலக்கச் சொன்னதை அம்மாவுக்குப் பயந்து விட்டுவிட்டேன், அதனால் சுட்ட தூள் பானையில் சேறாகக் குழைந்து அடைத்துக்கொண்டது, தண்ணீர் இறங்கவே இல்லை. அப்புறம் அம்மாவிடம் மாவு கேட்டதற்கு, "திங்குற மாவைத் தீயில போடவா ஒம்ம மவ எழுதிருக்கா?" என்று சத்தம் போட்டாள், ஆனாலும் அவளே அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் உருட்டித் தந்தாள், அவற்றை மறுபடி சுட்டேன். மாவு எரிந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாகும், சாயம் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும் என்றாயே, அப்படியே நடந்தது. அடியில் ஓட்டை போட்ட பானையில் உருண்டைகளை நிரப்பிச் சிவப்புத் தண்ணீரை ஊற்றினோம், கீழே சொட்டியதில் நிறமே இல்லை. அம்மா கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கெங்கம்மாவைக் கூப்பிட்டு முதலில் அந்தத் தண்ணீரைக் காட்டினேன், பிறகு உண்மையைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நானும் கூட வந்து மொதலாளியாண்ட கேட்டிருப்பேனே அண்ணே" என்றாள். சொன்னதோடு நிற்காமல் மறுநாள் கைக்குழந்தையோடு பட்டறைக்கு வந்தாள், வளவுப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள். "ஒரு பானைய வச்சுக்கினு கெணத்தையே சுத்தம் பண்ணுவியா நீ?" என்று முதலாளி சிரித்தார். அவர் சொன்னதும் சரிதான், ஒரு பானை ஒரு வீட்டுத் துணிக்குத்தான் காணும். அதனால்தான் குழிக்குச் சிமெண்டு பூசி, உருண்டை நிரப்ப ஒரு தொட்டியும் கட்டினால்தான் இனிச் சாயத்தில் கை வைப்பேன் என்றேன். ஆறு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். சாயம் கலக்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலும், ஏழாம் நாள், கொத்தனார் குழியில் இறங்கிவிட்டார், வந்து சேர் என்று முதலாளி ஆள் அனுப்பினார். கிணற்றை எல்லாரும் முறை வைத்து இறைக்கிறோம், இப்போது இளஞ்சிவப்பாகக் குறைந்திருக்கிறது. நீ எச்சரித்தபடி குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர்தான்.

ஆய்வுக்கூடத்துப் புகையில் அதிக நேரம் நிற்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கிறிஸ்துமஸுக்கு வர முடியாவிட்டாலும் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. இத்துடன் ஒரு பொட்டலத்தில் சாயம் குடித்த உருண்டைகள் பத்து வைத்திருக்கிறேன். ஒன்றை உடைத்து, சிவப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உங்கள் பூதக்கண்ணாடியில் பார்த்து மறக்காமல் எழுது. நான் உடைத்துப் பார்த்தேன், என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

உன் அன்பு அப்பா,
தவசிமுத்து