கைப்பிடி இல்லாத நாற்காலி

அப்பா,

இன்று காலை மருத்துவமனையில் ஒரு பெண் எனக்காகக் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். பார்த்ததுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஒரு மருத்துவக் கணக்கெடுப்புக்காக மைசூரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் நானே சொன்னதுதான்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருங்கள்.

எழ முடியாதவர்கள் சீக்கிரமே எங்காவது விழுவார்கள், படுக்கையில் கிடப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு அளப்பது மட்டும்தான் நம் வேலை என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் அளந்துகொண்டுதான் இருந்தேன்.

நம் தெருவுக்கு வந்தபோது உங்களையும் உட்கார வைத்தேன். காலமெல்லாம் சாரம் ஏறி இறங்கிய கொத்தனாருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். நீங்களோ கைகட்ட மறுத்துவிட்டீர்கள்.

"மேஸ்திரி முன்னாடி கைகட்டி நின்னதெல்லாம் போதும் கண்ணு. இனி எவன் சொன்னாலும் கட்டமாட்டேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முழங்காலில் கையூன்றி எழுந்து, மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனீர்கள். மறுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கட்டிலில் உட்கார்ந்து மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டீர்கள். எழப் பார்த்தீர்கள். மறுபடியும் கட்டிலிலேயே விழுந்தீர்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தீர்கள். சமையலறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவேயில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

அடுத்த மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தீர்கள். டாக்டரிடம் காட்டினோம், எண்ணெய் தேய்த்தோம், சாமுண்டிக்கு வேண்டிக்கொண்டோம். நீங்கள் எழுந்திருக்கவேயில்லை. முன்பே தெரியும் என்பதால் என் அழுகை கொஞ்சமும் குறைந்துவிடவில்லை.

இன்று அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள் அம்மா என்று, கன்னடத்தில். கொஞ்ச நாளாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, என் கட்டிலில் நானும் முயன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அப்பா. ஒரு தடவைகூட எழ முடியவில்லை.

கைகட்டமாட்டேன் என்றேன். எங்கள் அப்பாவும் கட்டவில்லை என்றேன்.

அவள் சிரித்தாள். மறுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டாள்.