மதினி கேட்ட ஒரு ராத்திரி

மதினி, இன்றைக்கு மூன்றாம் நாள். மறுபடி மறுபடி சீயக்காய் தேய்த்தும் தலைமுடியில் அந்தப் பசை பிசுபிசுக்கிறது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்காக என் மண்டையில் வயர் ஒட்டிய பசை. நாம் டப்பா ஒட்டும் பசை தோற்றது போங்கள். சிக்கெடுத்துக்கொண்டு நிற்கையில் உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. "ஏ புள்ள, தலைக்கு எண்ணெ வச்சுட்டுப் போகலாமா?" வைக்கக் கூடாது மதினி. தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் டீ கூடாது, பகலில் கண்ணசரக் கூடாது. போன வருடம் ஆடியில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் இப்போதுதான் எனக்குப் பதில் தெரிகிறது.

பட்டாசுக் கம்பெனியில் நாம் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்போம். டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தலை தொங்கிவிடும். நான் முழங்கையால் இடித்து எழுப்புவேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் எல்லோரும் ஆற்று மணலில் படுத்தோமே, அன்றைக்கு உங்கள் குறட்டை தாங்காமல் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். திரும்பி வரும்போது வேனில் அதை நடித்துக் காட்டியது நான்தான். "லோடு லாரி மேடு ஏறுது... அங்கன பாரு, நின்னுபோச்சு... மறுபடி கெளம்பிருச்சுடோய்!" வேனே சிரித்தது, நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் நீங்கள் இரவு தங்கியதில்லை. லாரி நின்றதாக நான் சொன்ன நேரமெல்லாம் உங்களுக்கு மூச்சு நின்ற நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாயில் கொள்ளியை வைக்க.

பிரஷருக்குப் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் உங்களுக்கு இந்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நீங்கள் அதை என்னிடம்தான் கொண்டுவந்தீர்கள். "கொறட்டைக்குப் போயி ஆஸ்பத்திரியான்னு ஒங்கண்ணே சிரிப்பாக. நீ ஒரு ராத்திரி தொணைக்கு வாயேன்." பிறகு கேள்வி மேல் கேள்வி. சேலையோடு படுக்கலாமா, தாலியைக் கழற்றச் சொல்வார்களா, ஊசி போடுவார்களா, ஆம்பளை ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பானா?

"சீசன் முடியட்டும் மதினி. லோடெல்லாம் கெளம்பட்டும், போவோம்" என்றேன். நம் பக்கத்தில் பல் பிடுங்குவதுகூடத் தீபாவளி லோடு கிளம்பிய பிறகுதானே. நீங்களும் சரி என்றீர்கள். புரட்டாசியில் ஒரு விடியற்காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்றதனால்தான் போனீர்கள் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து பீரோவை ஒதுக்கும்போது அண்ணன் கையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. "எங்கிட்ட மறைச்சுட்டாளே பாவி மக" என்று ஆரம்பித்தவர்தான். துக்கம் கேட்டு யார் வந்தாலும் அதே பேச்சு. நான் பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கும் வேலையில் தலை தொங்க ஆரம்பித்து, இந்த ஆவணியில் எனக்கே அதே மாதிரிச் சீட்டை எழுதிவிட்டார்கள். கம்பெனியில் ஆர்டர் மலையாகக் கிடக்கிறது. "சீசனாவது மண்ணாவது, கெளம்பு தாயி" என்று அண்ணனே கூட்டிப்போனார்.

ராத்திரி எட்டு மணிக்குப் போனோம். லாட்ஜ் ரூம் மாதிரி ஒரு கட்டில், துணைக்கு வந்தவருக்கு ஒரு சோபா. வயர் ஒட்டியது ஒரு பெண்பிள்ளை மதினி, சாத்தூர்ப் பக்கமாம். நைட்டியோடு படுக்கலாம். தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. ஓரமாக ஒதுக்கிவிட்டு நெஞ்சுக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை கட்டினாள். நெற்றி, கண்ணோரம், தாடை, கெண்டைக்கால் எல்லாம் வயர். மூக்குக்குக் கீழே சன்னமாக ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கேமரா உண்டு. ஆனால் பக்கத்து அறையில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்ததும் அதே பிள்ளைதான். ஒண்ணுக்குப் போகவேண்டும் என்றால் வந்து கழற்றிவிடுகிறாள்.

"இம்புட்டு வயரோட எங்கிட்டு யாத்தா தூங்க?" என்றேன்.

"வர்ற தூக்கம் போதும்க்கா. அசந்து தூங்கணும்னு இல்ல."

தூங்கியும் போனேன். காலையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்வார் என்று அனுப்பிவிட்டாள். இவ்வளவுதான் மதினி. ஐயோ, இவ்வளவேதான்.

கேன்டீனில் இட்லி வாங்கி உட்கார்ந்தோம். விழித்துக் கிடந்ததில் அண்ணனுக்குக் கண் சிவந்திருந்தது. "இம்புட்டுத்தான வேல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? அவ நெஞ்சழுத்தந்தான் அவளக் கொண்டுபோச்சு" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"மதினி மறைக்கல அண்ணே. எங்கிட்டச் சொன்னாக. தொணைக்குக் கூப்புட்டாக. நாந்தான் சீசன் முடியட்டும்னேன்."

அண்ணன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இத அவ போன அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? இத்தன மாசமா செத்தவளப் போட்டு வஞ்சுக்கிட்டு இருந்தேனே."

பஸ்ஸில் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஊர் வந்ததும் என் பையை எடுத்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

இனி உங்களை அவர் வைய மாட்டார், மதினி. என்னையும் வையவில்லை. வைதாலாவது தேவலை.