பாட்டு முடிந்தால்தான் பிரேக்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நானும் உன் அம்மாவும் இங்கே நலமாயிருக்கிறோம். என் இடது முழங்கை மட்டும் நலத்தில் சற்றே பின்தங்கியிருக்கிறது, அதுவும் வந்து சேர்ந்துகொள்ளும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டுமென்று காலை மாலை வேண்டிக்கொள்கிறேன். உன் மாமா தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, அந்தச் சைக்கிளை முதல்ல வித்துத் தொலைங்க" என்று நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சொல்லில் சிறிது சூடு இருந்தாலும் பொருளில் அன்பே இருந்ததால் நான் வருந்தவில்லை. ஆனால் மாமா சொன்னது நடந்ததன் நடுப்பகுதி மட்டுமே. முதலும் முடிவும் அறியாமல் நடுவை மட்டும் கேட்டால் எந்த நூலும் பித்தன் உரையாகத்தான் தோன்றும். ஆகவே முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நானும் உன் அம்மாவும் விடியற்காலையில் சேர்ந்து நடந்து வருவதை நீ பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்கமாக வைத்திருந்தோம் என்பது உனக்குத் தெரியும். நான் பழம்பாடல் ஒன்றைச் சொல்லிப் பொருள் விரித்துக்கொண்டே வருவேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே வருவாள். சில மாதங்களுக்கு முன் அவள் முழங்கால் மிகவும் வலிக்கத் தொடங்கியது. மருத்துவரிடம் காட்டினோம். அவர் நடையைக் குறைக்கச் சொன்னார், சைக்கிள் மிதித்தால் மூட்டுக்கு நல்லது என்றார். பூங்காவில் மூத்தோருக்காக 'மிதிவண்டிக்கு ஓர் அறிமுகம்' என்று ஒரு வகுப்பு நடக்கிறது. அதில் சேர்ந்து, நான் பதற்றப்பட்டு முடிப்பதற்குள் உன் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதலில் நான் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தேன். பிறகு பக்கத்தில் ஓடினேன். ஓடிக்கொண்டே பொருள் விரிப்பது எத்தகைய மூச்சுக்கும் இயலாது என்பதை அப்போது உணர்ந்தேன். அதற்கும் பிறகு, அவள் முதுகும் தலைக்கவசமும் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து பாடல் சொன்னால் "ம்" கொட்ட ஆளில்லை. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி அவ்வப்போது உறுமும், அவ்வளவே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

பயிற்சி தருபவள் உன் வயதையொத்த ஒரு பெண். எப்போதும் வாயில் விசில் இருப்பதால் அவளை எல்லோரும் விசில் என்றே அழைக்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நான் எந்த நூலையும் பாயிரம் படிக்காமல் தொடங்குவதில்லை என்று சொன்னதும் அவள் மறுக்காமல் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் காட்டினாள். சீட்டின் உயரம், பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கி நிற்கும் அளவில் இருக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் வண்டி நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். ஆகவே இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும். டயரில் காற்றுக் குறைந்தால் காலுக்குச் சுமை கூடும். இவற்றையெல்லாம் நான் மனப்பாடம் செய்து மறுநாள் பிழையின்றி ஒப்பித்தேன். பிறகு ஏறி உட்கார்ந்ததும் விழுந்தேன். ஓடும்போது நிமிர்ந்தும் நிற்கும்போது சாய்ந்தும் போகிற இப்பொருளின் தத்துவம் யாது என்று தரையிலிருந்தபடியே கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. நீங்க சக்கரத்தையே குனிஞ்சு பாக்குறீங்க. தூரமாப் பாருங்க, மனசுல வேற எதையாச்சும் நினைச்சுக்கிட்டே மிதிங்க" என்றாள்.

வேறு எதை நினைப்பேன் மகளே? பாடலைத்தான் நினைத்தேன். ஒரு சீருக்கு ஒரு மிதி. வலக்காலுக்கு ஒரு சீர், இடக்காலுக்கு அடுத்த சீர். வண்டி அம்புபோல் நேராகச் சென்றது! ஓசை கெடாதவரை உருளை சாயவில்லை. துள்ளலோசைப் பாடல் சொன்னால் மேடு பள்ளமில்லாத பாதையிலும் வண்டி துள்ளிற்று. அகவலோசைக்கு யானை நடப்பதுபோல் அசைந்து போயிற்று. விசில் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுக் கைதட்டினாள். ஆனால் ஒரு சிக்கலை நான் முன்னரே எண்ணிப் பார்க்கவில்லை. இறைவன் பெயரால் தொடங்கிய பாடலைப் பாதியில் நிறுத்துவது பெரும்பிழை என்று எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் விதித்திருக்கிறார். அந்த விதியை இன்றுவரை நான் மீறியதில்லை. வண்டியோ பாடலால் ஓடுகிறது. எனவே பாடல் முடியும்வரை பிரேக் பிடிக்க எனக்கு உரிமையில்லை என்றாயிற்று.

உன் மாமா சொன்ன மெத்தைக்கடைச் செய்திக்கு இப்போது வருகிறேன். அன்று உற்சாகத்தில் சற்று நீண்ட பாடல் ஒன்றைத் தொடங்கிவிட்டேன். பூங்காப் பாதை முடிந்தது, பாடல் முடியவில்லை. வாயிற்கதவு திறந்திருந்தது, வெளியே போனேன். தெருவில் இறக்கம். எதிரே ஒரு மெத்தைக்கடை, அதன் கதவும் திறந்திருந்தது, கருணைக்கு எல்லையுண்டோ! உள்ளே சென்று ஒரு பெரிய மெத்தையின்மேல் வண்டியோடு சரிந்தேன். முன்னால் போகிறவரைப் பின்தொடர வேண்டும் என்று விசில் வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள்; அவர்களும் அந்தச் சொல்லை மீறவில்லை. ஓய்வுபெற்ற பல் டாக்டர் எனக்குப் பக்கத்து மெத்தையில் வந்து விழுந்தார். அவருக்குப் பின்னால் தையற்கடை அக்காதங்கை இருவரும் தலையணைக் குவியலில் இறங்கினார்கள். கடைக்காரர் சிறிதும் கலங்கவில்லை. "வாங்க சார், வாங்க. எல்லாரும் ஒரே குடும்பமா? நல்லா அழுத்திப் பாருங்க, உள்ள ஸ்பிரிங்கு" என்றார். பல் டாக்டர் புரண்டு படுத்து, "முதுகு பிடிச்சுக்காதா தம்பி?" என்று விசாரித்தார். விசில் ஓடிவந்து, "ஐயா, பிரேக்கு! பிரேக்கு எங்கங்க போச்சு?" என்று கத்தினாள். எனக்கு இன்னும் இரண்டடி மீதமிருந்ததால் பொறுக்கும்படி கை காட்டிவிட்டு, படுத்தபடியே பாடலை முடித்து, "பிரேக்கு வண்டியிலதாம்மா இருக்கு. பாட்டு இப்பத்தான் முடிஞ்சுது" என்றேன். உன் மாமா அந்நேரம் அங்கே தலையணை வாங்க வந்து நின்றது இறைவனின் திருவிளையாட்டு. "அத்தான், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த சர்க்கஸு? அதுவும் கூட ஒரு கூட்டத்தை வேற கூட்டிக்கிட்டு!" என்றவர், கடையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உன்னை அழைத்துவிட்டார். பல் டாக்டர் அந்த மெத்தையை வாங்கிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்.

மறுநாள் விசில் ஒரு விதி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிவரை வண்டியில் போவதென்று ஏற்பாடு. வெள்ளைக் கோடு ஒன்றைப் பாதையில் வரைந்து, அதன்மேல் முன்சக்கரம் நிற்கும்படி நிறுத்திக் காட்டுபவர் மட்டுமே வரலாம் என்றாள். உன் அம்மா முதல் முறையிலேயே கோட்டின்மேல் நிறுத்திவிட்டு மணியும் அடித்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும், ஞாயிறு அன்று எனக்கு மதிய உணவை எந்தப் பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போவது என்று யோசிக்கத் தொடங்கினாள். பாடலைப் பாதியில் விட்டால் வாழ்நாள் நெறி போயிற்று. விடாவிட்டால் அவளோடு போகும் வழி போயிற்று. "உங்ககூட வர எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? ஆனா ரோட்டுல வர்ற லாரிக்காரன் உங்க பாட்டு முடியிற வரைக்கும் கைகட்டிக்கிட்டு நிப்பானா?" என்று கேட்டாள் அவள்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். மௌனமாக மிதித்தேன், உடனே விழுந்தேன். உரைநடை சொல்லிப் பார்த்தேன். வண்டி கள்ளுண்டவன்போல் தள்ளாடிற்று. "பாட்டெல்லாம் வேணாங்க ஐயா, சும்மா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே வாங்க" என்றாள் விசில். அது எல்லாவற்றிலும் கேடாய் முடிந்தது. பாட்டுக்காவது முடிவுண்டு, எண்ணுக்கு முடிவேது? கால் சோர்ந்து வண்டி தானாகச் சரியும்வரை பூங்காவைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்; பல் டாக்டர் நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவந்தார். கடைசியில் தெளிவு பிறந்தது. புறப்படும் இடத்திலிருந்து வெள்ளைக் கோடுவரை எத்தனை மிதியோ அத்தனை சீரில் நானே ஒரு வெண்பாப் பாடிவிட்டால் பாடலும் பாதையும் ஒன்றாக முடியுமே! சமையலறையிலும் கூடத்திலும் உலாவியபடி அதைச் சொல்லிச் சொல்லித் திருத்தினேன். நான்கடியும் செம்மையாக அமைந்தன. ஒத்திகையில் கடைசிச் சீரும் கோடும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

தேர்வு நாளன்று காலையில் எதிர்க்காற்று வீசாதிருக்க வேண்டுமென்று இறைவனிடம் உருகி வேண்டிக்கொண்டேன். அவன் வேண்டியதற்கு மேலும் தருபவன். காற்றை அப்படியே திருப்பி என் முதுகில் வீசச் செய்தான். வேட்டி பாய்மரமாயிற்று. இரண்டு அடிகளைச் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைக் கோடு கண்முன் வந்துவிட்டது. இன்னும் இரண்டடி பாக்கி. கோட்டுக்கு அப்பால் பூங்காவின் வாயில், வாயிலுக்கு அப்பால் அதே மெத்தைக்கடை; கடைக்காரர் என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்து கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைப்பதைப் பார்த்தேன். நான் சொல்லியிருந்தது இவ்வளவே:

அண்டம் சுழற்றும் அருளாளா என்றனிரு
வண்டி உருளை வழுவாமல் கொண்டேகிக்

மூன்றாம் அடியை எடுக்க நான் வாய் திறக்குமுன், கோட்டருகே நின்றிருந்த உன் அம்மா பூங்கா முழுதும் கேட்கும்படி ஓங்கிய குரலில் சொன்னாள்:

கண்ட இடத்தே நிறுத்து.

மகளே, எதுகை பிசகவில்லை. தளை தட்டவில்லை. மூன்று சீரில் ஈற்றடி முடிந்து, பாடல் மூன்றடி வெண்பாவாக முழுமை பெற்றுவிட்டது. முழுமை பெற்ற பாடலுக்குப் பின் பிரேக் பிடிக்க எனக்கு என்ன தடை? இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடித்தேன். முன்சக்கரம் கோட்டின்மேல் நின்றது. நானும் நின்றேன். அதன் பிறகுதான் வியப்பில் இடப்பக்கம் சாய்ந்து முழங்கையை இடித்துக்கொண்டேன். அது தேர்வுக்குப் பின் நிகழ்ந்ததாகையால் கணக்கில் சேராது என்று விசில் தீர்ப்பளித்தாள். யாப்பு எப்போது கற்றாய் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "கல்யாணமான நாள்லேருந்து காதுல ஊத்திக்கிட்டே இருக்கீங்க, உள்ள போகாமயா இருக்கும்?" என்றாள். கணவனை 'நிறுத்து' என்று ஒருமையில் ஏவலாமா என்று பல் டாக்டர் கேலி செய்ததற்கு, "நான் இவரையா சொன்னேன்? கடவுளைச் சொன்னேன். அவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள்.

ஞாயிறன்று ஏரிக்குப் போனோம். சாலையில் நான் பாடல் சொல்லி ஓட்ட, சிவப்பு விளக்கு எரியும் இடந்தோறும் அவள் பக்கத்தில் வந்து ஓர் ஈற்றடி சொல்லி என்னை நிறுத்தினாள். ஒன்றிரண்டு இடங்களில் அவள் சொன்ன ஈற்றடி நான் எண்ணி வைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது; அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நகரைக் கடந்து ஏரிக்கரைச் சாலைக்கு வந்ததும் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். வேறு வண்டியில்லை, சிவப்பு விளக்கில்லை, இடப்பக்கம் நீர், வலப்பக்கம் அவள். நான் வழக்கம்போல் பாடலின் கடைசி அடிக்கு வந்து, நிறுத்துவதற்காக பிரேக்கில் விரல் வைத்தேன். "ஏங்க, அதுக்குள்ள முடிச்சிடாதீங்க. நீளமா ஒண்ணு எடுங்க" என்றாள். நான் விரலை எடுத்துவிட்டு நான் அறிந்தவற்றுள் மிக நீண்டதை எடுத்தேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

ஆகவே வண்டியை விற்கும் பேச்சை இத்துடன் விட்டுவிடு. மாமாவிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல். நீ வேலைக்குப் போகும் சைக்கிளின் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள். தலைக்கவசம் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் குறையாத அன்பும் பெற்று வாழ இறைவன் துணை நிற்பானாக.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இனிமேல் காலை வேளையில் தொலைபேசியில் அழைக்காதே. நாங்கள் இருவருமே வீட்டில் இருக்கமாட்டோம்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா