காற்று மேற்கே திரும்பிய காலை

மருமகள் செல்போனை என் பக்கம் திருப்பி, "அத்தை, இதப் பாருங்களேன்" என்றாள். கடலின் மேல் ஒரு வெள்ளைச் சுழல். நடுவில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் கண். நேற்றுவரை அது கலைந்து கிடந்த வெறும் மேகம். ஒரே இரவில் இப்படித் திரண்டிருக்கிறது. எங்கள் பெருங்களத்தூர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இட்லியைப் பாதியில் விட்டு எழுந்து பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். நீ போன பிறகு வரும் முதல் பெரிய புயல் இது. இதைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அப்போது நாம் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்செட், கையில் பிளக், எதிரே மினுக்கும் விளக்குகள். கூப்பிடுகிறவர்கள் குறைந்த மதிய வேளைகளில் மற்றவர்கள் பின்னல் ஊசியை எடுப்பார்கள். நீ மட்டும் கடலோரத்து ஆபரேட்டர்களைப் பிடித்துவைத்துப் பேசுவாய். நாகப்பட்டினத்தில் மழையா, கடலூரில் காற்று எந்தப் பக்கம், மசூலிப்பட்டினத்தில் வானம் என்ன நிறம். இப்படிக் கேட்டுக் கேட்டே தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டாய். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஒரு ஐப்பசி மாதம், "நாளைக்குத் துணி துவைக்காத, மத்தியானம் கொட்டப்போவுது" என்று நீ சொன்னதும் அப்படியே கொட்டியதும்தான் என்னை உன் பக்கம் இழுத்தது.

அதன்பின் செம்பாக்கத்தில் உன் வீட்டு மொட்டைமாடி நமக்குக் கூடாரமானது. பழைய சாமான் கடையில் நீ வாங்கிய காற்றழுத்தமானி, தகர டப்பாவில் செய்த மழைமானி, மூங்கில் நுனியில் கட்டிய பழைய ரவிக்கைத் துணி. ஏரியில் நீர் விளிம்பு தொடும் நாட்களில் அந்தத் துணி படபடப்பதைப் பார்த்துக்கொண்டே டீ ஆறிப்போகும். "காத்துக்கு முதுகக் காட்டி நில்லு. உன் இடது கைப்பக்கம் எங்கயோ இருக்கான் அவன்" என்பாய். புயலை எப்போதும் 'அவன்' என்றுதான் சொன்னாய். உன் அம்மா, கல்யாணப் பேச்சு எடுத்தால் காதில் வாங்காதவள் காற்றைப்பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறாளே என்று என்னிடம் புலம்புவார்.

எண்பதுகளின் கடைசியில் வந்த அந்த நவம்பர் இன்றும் நாள் நாளாக நினைவிருக்கிறது. வானொலியில் முதலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலைச் செய்தியில் புயல். அன்று மாலைக்குள் கடும் புயல். சென்னைக்கு நேராக வருகிறது என்றார்கள். அழுத்தமானியின் முள், தட்டத் தட்ட இறங்கியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் மெழுகுவத்தியும் ரொட்டியும் தீர்ந்துபோயின. உன் கண்களில் அன்று இருந்த ஒளியை என்னால் மறக்க முடியாது. "இவ்ளோ வேகமா ஒருத்தன் வளந்து நான் பாத்ததே இல்லடி. இன்னும் ஏறுவான் பாரு" என்றாய். பயமும் குதூகலமும் கலந்து நமக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலைப்பணிக்கு நனைந்துகொண்டு வந்தோம். வாசலில் டீக்கார அண்ணன், "இன்னாம்மா, வருதா வர்லியா? ஒரே பேஜாரா கீது" என்றார். நீ எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த தென்னைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். விடியும்போது வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று இப்போது மட்டைகளை மேற்கிலிருந்து தள்ளியது. மழையும் மெலிந்திருந்தது.

"திரும்பிட்டான்" என்றாய். "நம்மளத் தாண்டி வடக்க போறான்."

உள்ளே போனதும் அதையே எல்லோரிடமும் சொன்னாய். "அப்பாடா, தப்பிச்சோம்" என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். சூப்பர்வைசர் சார் எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார். எனக்கும் முதலில் நிம்மதிதான். நீ மட்டும் உட்காரும் முன்பே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மெட்ராஸ், நெல்லூர் என்று ஆள் மாற்றி ஆள் பிடித்து, நெல்லூருக்கு வடக்கே கடலை ஒட்டிய அந்தச் சிற்றூரைக் கேட்டாய். அங்கே போர்டில் தனியாளாக இருந்தவள் வரலட்சுமி. நாம் முகம் பார்த்திராதவள். அவள் மகளுக்குப் பால்பல் விழுந்த செய்திவரை நமக்குத் தெரியும்.

நானும் அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே தூறல்தான், புயல் மெட்ராஸுக்கு என்றுதானே ரேடியோ சொல்கிறது என்று அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "அவன் உங்க பக்கம் வரான் வரலட்சுமி. சாயந்திரத்துக்குள்ள வந்துடுவான். கடலோரத்துல இருக்கறவங்களக் கிளப்பச் சொல்லு" என்று உன் தட்டுத்தடுமாறிய தெலுங்கில் சொன்னாய்.

அவள் கேட்டாள்: "இது வானிலை ஆபீஸ்லேர்ந்து வந்த தகவலா?"

நீ என்னைப் பார்த்தாய். ஆமாம் என்று சொல்லிவிடு என்று எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. "இல்ல. யாரும் எங்கிட்ட சொல்லல. காத்தப் பாத்து நானாத்தான் சொல்றேன். ஆனா நிச்சயமாச் சொல்றேன்" என்றாய்.

சூப்பர்வைசர் சார் அதற்குள் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டார். "என்னம்மா இது, நீங்க என்ன வானிலை ஆபீஸா? நீங்க சொன்னத நம்பி ஊரே கெளம்பி, ஒண்ணும் ஆவலன்னா? வேலை போயிடும்மா. லைனக் கட் பண்ணுங்க."

நீ திரும்பாமலே சொன்னாய்: "போனா போவட்டும் சார். காத்து மேக்குப் பக்கம் திரும்பிடுச்சு. நீங்களே வெளிய போய்ப் பாருங்க."

அவர் உண்மையிலேயே வெளியே போனார். தலை நனைந்து திரும்பி வந்தார். எனக்கு அந்தப்பக்கம் காலியாக இருந்த போர்டில் உட்கார்ந்து, உனக்கு வந்த மற்ற அழைப்புகளையெல்லாம் தானே இணைக்கத் தொடங்கினார். அந்த மனிதர் போர்டைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது; பிளக்கை மாற்றிமாற்றிச் சொருகித் திட்டு வாங்கினார்.

வரலட்சுமி நம்பினாள். ஐஸ் ஃபேக்டரி முதலாளிக்கு, பள்ளித் தலைமையாசிரியருக்கு, தாசில்தார் ஆபீசுக்கு என்று ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். நடுநடுவே நம் லைனுக்கு வந்து, "சிலர் வராங்க, சிலர் சிரிக்கறாங்க" என்றாள். மதியத்துக்குமேல் வானொலியும் புயல் ஆந்திரக் கரைக்குத் திரும்பியதைச் சொன்னது. அதற்குப்பின் அங்கே யாரும் சிரிக்கவில்லையாம். அவளையும் கிளம்பிப் போகச் சொன்னாய். "நான் எழுந்து போனா, கூப்பிடறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். நம் பணிநேரம் முடிந்து அடுத்தவர்கள் வந்து நின்றார்கள். நீ எழவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்டது. அது லாரி போவதுபோல் இருந்தது, ஆனால் போய்முடியவே இல்லை. "கதவு..." என்றாள் அவள். லைன் செத்தது.

அடுத்து வந்த நாட்களில் நீ செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தாய். வீட்டில் இருக்க முடியாமல் காலையும் மாலையும் நடந்தாய். நானும் கூடவே வந்தேன். வானம் அப்படி ஒரு நீலமாக இருந்தது. "இன்னும் ஏறணும் ஏறணும்னு ஆசப்பட்டேன்டி. ஏதோ மேட்ச் பாக்கற மாதிரி" என்றாய் ஒருநாள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். செய்தித்தாளில் வந்த படங்களில் வீடுகளே இல்லை, வீடுகள் இருந்த இடங்கள்தான் இருந்தன.

ஒரு முற்பகலில் என் போர்டில் விளக்கு எரிந்தது. "தாம்பரமா?" என்றது அந்தக் குரல். பிளக்கைக்கூடக் கழற்றாமல் என் ஹெட்செட்டை எடுத்து உன் காதில் வைத்தேன். வேறோர் ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசினாள் வரலட்சுமி. மீனவக் குப்பத்தில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள், அவள் மகளும் அவர்களோடு இருந்தாள், அவள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கூரை போயும் சுவர் நின்றது என்று நீ ஒவ்வொன்றாக எங்களுக்குத் திருப்பிச் சொன்னாய். சூப்பர்வைசர் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று நீ சொல்வதை நிறுத்தினாய்.

அவள் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்தான். படகை இன்னொரு கட்டுக் கட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருக்கிறார். அதோடு சரி.

நீ அழுதாய். அவள் அழவில்லை என்று பிறகு சொன்னாய். வைப்பதற்குமுன் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்றியா?"

அது பழியா என்று நான் கேட்டேன். "பழி இல்லடி. கேட்டா. அவ்ளோதான்" என்றாய்.

அந்த ஒரு கேள்வி உன்னை அதன்பின் உட்கார விடவில்லை. தொண்ணூறுகளில் போர்டுகளையும் பிளக் வயர்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். உன்னைப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். நீ விடவில்லை. கடலில் ஏதாவது திரண்டால் மேற்குத் தாம்பரத்து எஸ்.டி.டி. பூத்தில் போய் நிற்பாய். "இன்னாக்கா, இந்தத் தபா எந்த ஊருக்கு?" என்பான் பூத்துக்காரன். அது போகக்கூடிய கரையில் தெரிந்த குரல் யாராவது இருப்பார்கள் உனக்கு. ஓய்வுபெற்ற ஆபரேட்டர், உப்பளத்துக் கணக்கர், தேவாலயத்துப் பாதிரியார். பலமுறை நீ சொன்னது தப்பியது. தூங்கவிடாமல் செய்துவிட்டாய் என்று திட்டினார்கள். மறுமுறையும் கூப்பிட்டாய். என் மகன் கல்யாணத்தன்றுகூடப் பந்தியில் இருந்து எழுந்து போனாய்; எனக்குக் கோபம் வந்து நெடுநாள் பேசாமல் இருந்ததும், நீயே ஒரு மழைநாளில் பஜ்ஜியோடு வந்து நின்றதும் நினைவிருக்கிறது.

சென்ற கோடையில் நீ போனாய். அப்போது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கடைசி வாரங்களில் உனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய். உன் கை அப்போதுதான் முதன்முறையாகச் சும்மா இருந்தது.

இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. அரசு முன்கூட்டியே சொல்கிறது, பேருந்துகள் அனுப்பி மக்களை அழைத்துப் போகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. நானோ நீயோ கூப்பிட்டுச் சொல்லவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. மருமகளும் அதையேதான் சொன்னாள்: "அத்தை, அது ஒடிசாப் பக்கம் போயிடுமாம். நமக்கு ஒண்ணுமில்ல, நீங்க வந்து சாப்பிடுங்க."

அவளுக்குச் சரி என்றேன். தட்டின்முன் உட்கார்ந்தேன். ஆனால் கை அசையவில்லை. வரலட்சுமி மகளோடு ஐதராபாத் போய்விட்டாள். நீயும் இல்லை. ஒடிசாக் கரையில் எந்த ஊரிலும் எனக்கு ஒரு குரல்கூடத் தெரியாது.