பாலத்தின் நடுவில் மயங்கிக் கிடக்கும் ராட்சசன் தொடர்பாக

அனுப்புநர்:
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள்.

பெறுநர்:
நூலக மேலதிகாரி அவர்கள்.

பொருள்: சிரித்ததற்காகப் பறிக்கப்பட்ட வாசகர் அட்டையை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பக் கேட்டு.

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் என் மேல் உள்ள தப்பைச் சொல்லிவிடுகிறேன். பேரன் பேத்தி எடுக்கும் வயதில், தங்கள் நூலகத்தில் நாற்காலியோடு சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தேன். பக்கத்தில் செய்தித்தாள் படித்த பெரியவரின் மூக்குக்கண்ணாடியும் என்னோடு விழுந்தது. உடையவில்லை. நூலகர் அம்மா என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார். அவர் கோபம் நியாயம். என் சிரிப்பும் நியாயம்தான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. சிரிக்க வைத்தது தங்கள் நூலகத்தில் உள்ள ஒரு மாயக்கதையின் மூன்றாம் பாகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி. ஒரே பிரதி என்பதால் வீட்டுக்குத் தருவதில்லை. நான் அதிகம் படிக்காதவள். வேலை முடிந்து வந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, படித்ததை அப்படியே சுமந்துபோய் என் நாத்தனாருக்குச் சொல்வேன். நாங்கள் மடிக்கும் போர்வைகள் போகும் அதே மருத்துவமனையில், மாடியில் படுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன்.

3. கதை நின்ற இடம் மோசமான இடம். உயரத்தைக் கண்டால் மயங்கும் ராட்சசன் கயிற்றுப்பாலத்தின் நடுவில் விழுந்து கிடக்கிறான். கயிறு ஒவ்வொரு புரியாக அறுகிறது. தும்மினால் மட்டுமே மந்திரம் பலிக்கும் மந்திரவாதிக்குத் தும்மல் வரவில்லை. ஆளாளுக்கு அவன் மூக்கில் எதையாவது நுழைக்கிறார்கள். அங்கேதான் விழுந்தேன்.

4. மறுநாள் வெறுங்கையோடு போக மனம் வராமல், மிச்சத்தை நானே கட்டிச் சொன்னேன். பேசும் கழுதை தன் வாலால் மந்திரவாதியின் மூக்கை வருடியது என்றேன். நாத்தனார் என்னையே பார்த்தார். "ரெண்டாம் பாகத்துலேயே அதுக்கு வாலு போயிடுச்சேடி. என்கிட்டயே கதை விடுறியா?" என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைத் திட்டாமல் தூங்காதவர், ஐயா. அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

5. அதற்கு முன்தினம், பயமாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, நாத்தனார் பாலம் என்ன ஆனது என்று என்னைக் கேட்டார். கதை எழுதுபவரே நான்காம் பாகத்தை இன்னும் முடிக்கவில்லையாம் என்று தயங்கித்தான் சொன்னேன். "அப்ப அது வர்ற வரைக்கும் நான் இருந்துதானே ஆகணும்" என்றார். அந்தப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதற்கும் வழியில்லாமல், பார்வையாளர் நேரம் முழுக்க அவர் சுவரையும் நான் அவர் முதுகையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

6. ஆகவே அட்டையைத் தந்து, வியாழன் மாலை ஒரு வேளை மட்டும் என்னைப் படிக்க விட வேண்டுகிறேன். பழைய பத்திரிகைகள் அடுக்கிய பின்னறை போதும். வாயில் துண்டை அடைத்துக்கொள்கிறேன். துண்டுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. தண்டனையின் மிச்சத்தை ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு மடங்காகக் கழிக்கிறேன். மயக்க ஊசி போட்டு அவர் கண்ணை மூடும்போது அந்த ராட்சசன் கரையேறியிருக்க வேண்டும், ஐயா. தங்களால் ஆகக்கூடியது அது ஒன்றுதான்.

இடம்: நூலக வாசற்படி, பிறகு தெரு
நாள்: புதன்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
போர்வை மடிப்பவள்
("வெடிச்சிரிப்பு" என்று கேட்டால் சலவைக்கூடத்தில் காட்டுவார்கள்)

குறிப்பு: மூன்றாவது பத்தியை எழுதும்போது சிரித்துவிட்டேன். காவலாளி என்னை வாசற்படியிலிருந்தும் எழுப்பிவிட்டார். மீதியைத் தெருவில் நின்று, அவர் முதுகில் தாளை வைத்து எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணியிருப்பது அவர் தும்மியதால்.