குப்பனின் முழங்கால்

6 நவம்பர் 1951, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. டிராம் பாதி வழியில் நின்றுவிட்டது. ராயபுரம் ஆஸ்பத்திரி வரை நடை. புடவைக் கரையெல்லாம் சேறு.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், தபால் அட்டை, செருப்புக்கு வார்.

குழந்தைகள் பிரிவில் இன்று ஏகக் கூட்டம். கடைசியாக குப்பன், நாலு வயது, காசிமேடு. வலது முழங்கால் பந்தாக வீங்கி, சூடாக. கூட இரண்டு பெண்கள். அம்மா யார் என்று கேட்டேன். பருமனானவள், நாகம்மா, மீன்காரி, முன்னால் வந்தாள். "நான்தான் அம்மா. இன்னா வோணுமோ என்னக் கேளு."

கேட்டேன். வரிசையாக, ஒன்று விடாமல். கூடப் பிறந்தவர்கள்? "மூணு பொண்ணு. அல்லாம் கல்லு கணக்கா கீதுங்கோ." குடும்பத்தில் யாருக்காவது பெரிய வியாதி, ரத்தப்போக்கு? "எங்க வூட்ல ஒண்ணும் கெடியாது." காலில் நீலத் தழும்புகள்? "ஓடியாடுற புள்ள, வுழுவான்."

பின்னால் நின்ற ஒல்லிப் பெண், பக்கத்து வீடாம், முனியம்மா. திடீரென்று "டாக்டரம்மா, இவனுக்கு மின்னாடி..." என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம். ஈரப் புடவை, பசி வேறு. "இங்க என்ன சந்தையா? பெத்தவ ஒருத்தி பேசினா போதும். நீ வெளில நில்லு." போய்விட்டாள்.

பெ.டா. (பெரிய டாக்டர்) படித்துப் பார்த்து, "உன்னைப் போல் ஹிஸ்டரி எடுக்க இங்கே ஆள் இல்லை" என்றார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். சீழ்தான். நாளைக்குக் கீறல்.

7, புதன்

கீறினோம். சீழ் இல்லை. வெறும் ரத்தம்.

கட்டு, அதன்மேல் கட்டு, அதன்மேல் என் கை. நிற்கவில்லை. பிள்ளை முதலில் கத்தினான். பிறகு கத்தவில்லை. அதுதான் பயம்.

மத்தியானம் தள்ளி முனியம்மா வார்டுக்குள் ஓடிவந்தாள். ஆயா தடுத்தும் நிற்கவில்லை.

"நான்தாம்மா பெத்தவ. பொறந்தன்னிக்கே நாகம்மாவுக்குத் தவிட்டுக்கு வித்துட்டேன். மின்னாடி ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. ஒருத்தன் நாக்கக் கடிச்சிக்கினான், ஒருத்தன் படில வுழுந்தான். ரத்தம் நிக்கவேல்ல, பூட்டாங்கோ. எங்கண்ணனும் அப்டித்தான், பல்லு புடுங்கிக்கப் போயி. எம்புள்ளன்னு வாயால சொன்னா இவனும் தங்கமாட்டான்னாங்கோ. அதான் அவ அம்மா, நான் பக்கத்து வூடு."

நாகம்மா பொய் சொல்லவில்லை. முறத்தில் தவிடு கொடுத்து வாங்கியவள் வேறு எப்படிச் சொல்வாள்? தன் மூன்று பெண்களைச் சொன்னாள், தன் வீட்டைச் சொன்னாள்.

ரத்தம் உறையாத வியாதி. ஆண் பிள்ளைகளுக்கு, தாய் வழியில் வருவது. பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். நேற்று அந்தத் தாய் சொல்ல வந்தாள். அந்தப் பயத்தையும் மீறிச் சொல்ல வந்தவளைத்தான் வாசலுக்குத் துரத்தினேன்.

சாப்பிடவில்லை. வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்று எழுதுவதற்கே வெட்கம்.

8, வியாழன்

மழை விட்டு விட்டு. குப்பனின் அப்பா, முனியம்மாவின் புருஷன், துறைமுகத்தில் கரி சுமப்பவர். கறுத்த கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். அவர் ரத்தம் பிள்ளையின் ரத்தத்தோடு சேர்ந்தது. பிள்ளைக்கு ஏற்றினோம். சாயங்காலம் கசிவு மட்டும். இரண்டு வாய் பால் குடித்தான். முனியம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும்தான்.

செருப்பு வார் வாங்க மறந்துவிட்டது.

9, வெள்ளி

ரத்தம் நின்றுவிட்டது. பிழைத்துக்கொள்வான். கால் மடங்குமா தெரியாது.

ரவுண்ட்ஸ். பெ.டா. கட்டிலருகே நின்று, எல்லார் எதிரிலும்: "ஹிஸ்டரி எடுத்தது நீதானே? கேட்டாயா, இல்லையா?"

"கேட்டேன் சார். அம்மா சொல்லலை."

எவ்வளவு லேசாக வந்தது வாயில்.

அவர் முனியம்மா பக்கம் திரும்பினார். "பெத்த பிள்ளை விஷயத்திலே மறைப்பாளா ஒருத்தி? பிள்ளை போயிருந்தா அது உன்னாலதான், தெரியுமா?" நாகம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முனியம்மா அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமா சாமி. நான்தான் சொல்லல. புத்தி கெட்டவ."

பெ.டா. அடுத்த கட்டிலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மத்தியானம் கட்டு மாற்றும் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். "ஏன் அப்படிச் சொன்னே? சொல்ல வந்தவதானே நீ. தப்பு என்னுது."

நர்ஸ் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள். "உடு டாக்டரம்மா. உன்ன மாட்டிவுட்டா நீ கோவிச்சிக்குவ. அப்பால புள்ளைய யாரு பாக்கறது?"

அப்படிப்பட்டவள் இல்லை நான் என்று சொல்ல நினைத்தேன். கட்டு மாற்றினேன். முடிந்ததும் அவள் எழுந்து இரண்டு கையையும் கூப்பினாள்.