சம்ப்பில் புதுத் தடுப்புகள்

அப்பா,

இன்னும் முப்பத்தொரு மணி நேரம், அதாவது நாளை மாலை நான்கு வரை, மீன்தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில், அதுதான் சம்ப்பில், தண்ணீர் விடாதீர்கள். மூன்று கண்ணாடித் தடுப்புகளையும் பெயர்த்துவிட்டு, புதிதாக ஒட்டியிருக்கிறேன். நடுத் தடுப்பு அடியைத் தொடாது. குமிழிகள் மோட்டாருக்குள் போகாமலிருக்க அப்படி வைத்தேன். அழுத்திப் பார்க்க வேண்டாம்.

சாளைக் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

பதினொரு மணிக்குக் காஜா மாமா மீன்தொட்டிக்கான கடல் தண்ணீர்க் கேன்களோடு வருவார். நான்தான் வரச் சொன்னேன். போன வாரம் மீன்கள் செத்ததும், "கரையோரத் தண்ணிய அள்ளிட்டு வந்து ஏமாத்துதியாலே?" என்று அவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டீர்கள். "நடுக்கடல்ல எடுத்ததுலே நேசா, வேணும்னா குடிச்சுக் காட்டுதேன்" என்று சிரித்தார். திரும்பிப் போகும்போது சிரிக்கவில்லை.

இன்று உள்ளே கூப்பிட்டு டீ கொடுங்கள்.

ஜெஸ்மி

பி.கு.: மாமாவுக்குச் சீனி போடாதீர்கள்.

இன்னொன்று. நான்கு நாளாக நேரில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. தண்ணீரில் குற்றமில்லை. முதல் தடவை தடுப்புகளை ஒட்ட நான் வாங்கி வந்தது, பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான். மீன்தொட்டிக்கு ஆகாது என்று ட்யூபில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. மீன்கள் செத்தது என்னால்.